சுண்ணாம்புப் பாறையில் சுரங்கம்: தோண்டும் முன் பாறையைப் படிப்பது எப்படி?

"அண்ணே, அடுத்த மாசம் டனல் சைட்டுல சேர்றேன். சுண்ணாம்புப் பாறைன்னு சொல்றாங்க. முதல்ல எதைப் பார்க்கணும்?" மண்டபம் பக்கத்துத் தம்பி ஒருவர் போனில் கேட்டார். நிலவியல் முடித்தவர்களும் சிவில் டிப்ளமோ முடித்தவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

ராமநாதபுரம் கரையில் குடைவதற்கு மலை கிடையாது. அந்த வேலைக்கு நீங்கள் வெளியூர்தான் போக வேண்டும். ஆனால் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையை என்ன செய்யும் என்பதைப் படிக்க நம்ம கரை அருமையான இடம். பஸ் ஏறும் முன் இங்கேயே ஒரு வாரம் செலவழித்துவிட்டுப் போங்கள்.

கருங்கல்லில் சுரங்கம் போடுகிறவர், பாறை எப்படி இருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். சுண்ணாம்பில் அது பாதி வேலைதான். பாறை எங்கே இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறும். அது விரிசலுக்குள் இறங்கி, ஆயிரக்கணக்கான வருடங்களில் விரிசலைக் குழாயாக்கும், குழாயைப் பொந்தாக்கும், பொந்தைக் குகையாக்கும். இப்படிக் கரைந்த நிலத்தைத்தான் கார்ஸ்ட் என்கிறோம். ஒரு மீட்டர் தள்ளித் துளை போட்டிருந்தால் இரும்பு மாதிரிப் பாறை கிடைத்திருக்கும் என்ற நிலை இந்தப் பாறையில் சாதாரணம்.

ஊரில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பழைய வீட்டுச் சுவர், பழைய கிணற்றுச் சுவர் எங்காவது பூச்சு உதிர்ந்து நிற்கிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்தில் பவளக்கல்லை வைத்துக் கட்டியவை அவை. கிட்டே போய், ஒரு கைலென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் நட்சத்திரமாக, விரல் நுனி அளவில் வரிசையாக இருக்கும் குழிகள் பவளப்பூச்சி வாழ்ந்த அறைகள். அவற்றுக்கு நடுவே ஒழுங்கில்லாமல், விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் ஓட்டைகள் பிறகு தண்ணீர் கரைத்தவை. முதல் வகை பாறை பிறக்கும்போதே வந்தது, இரண்டாம் வகை பிறகு வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால், எந்த நாட்டுச் சுண்ணாம்புப் பாறையிலும் உங்களுக்குப் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

ராமேசுவரம் தீவின் பாக் நீரிணைப் பக்கக் கரையில் சில இடங்களில் பழைய பவளத்திட்டு கடல் மட்டத்துக்கு மேலே தலைகாட்டுகிறது. மண்டபம் பக்கம் கரையோரமாக மணலும் கிளிஞ்சலும் சுண்ணாம்பால் ஒட்டிப் பலகை பலகையாகக் கிடக்கும் கடற்கரைப் பாறையையும் பார்க்கலாம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. செத்த பவளம்தானே என்று ஒரு துண்டைக் கூடப் பையில் போடக் கூடாது. ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வெட்டிக் காளவாயில் போட்டு எரித்தது போதும். கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள், நோட்டில் வரையுங்கள்.

அமிலச் சோதனைக்குக் கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் வயலில் கிடக்கிற சுக்கான் கல் போதும். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுறுசுறுவென்று நுரைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சைட்டில் ஒரு பாறை நுரைக்கத் தயங்கி, கத்தியால் சுரண்டிப் பொடியாக்கிய பிறகு மட்டும் நுரைத்தால் அது டோலமைட்டாக, அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு வகைப் பாறையாக, இருக்கலாம். நுரைத்து முடிந்ததும் களிமண் மாதிரி அழுக்கு மிஞ்சினால் அந்தச் சுண்ணாம்பில் களி கலந்திருக்கிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். களி கலந்த சுண்ணாம்பு அவ்வளவாகக் கரையாது, தண்ணீரையும் எளிதில் விடாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கு அடியில் 1994-ல் திறந்த சுரங்கத்தைப் பெரும்பாலும் களி கலந்த சுண்ண அடுக்கை ஒட்டியே கொண்டுபோனது இதனால்தான்.

கெட்டியான சுண்ணாம்பைப் பார்க்க வேண்டுமானால் அருப்புக்கோட்டை அருகே பந்தல்குடிப் பக்கம் ஒரு குவாரியில் அனுமதி கேட்டுப் போய் வாருங்கள். அதே சுண்ணாம்புதான், ஆனால் பூமிக்குள் வெந்து படிகமாகிப்போனது. பவளக்கல்லைக் கத்தி சீவும். இதற்குச் சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி வேண்டும். 'சுண்ணாம்புப் பாறை' என்ற ஒரே பெயரில் இவ்வளவு தூரம் வித்தியாசம் இருக்கிறது. அறிக்கையில் வெறுமனே சுண்ணாம்புப் பாறை என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கிணற்றில் படிக்கிற பாடம்

தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் குழி, குழியில் குடிக்கிற தண்ணீர். கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டு எடுப்பார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டும் கலக்கிற ஒரு பட்டை நடுவே இருப்பதால் இதை விடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

சுரங்கக்காரருக்கு அந்தக் கலக்கிற பட்டைதான் முக்கியம். நல்ல தண்ணீர் தன்னால் முடிந்த அளவு சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு ஓய்ந்திருக்கும். கடல் நீரும் அப்படியே. தனித்தனியே வயிறு நிறைந்த இரண்டும் கலந்ததும் மறுபடி பசி எடுக்கும், இன்னும் கொஞ்சம் பாறையைக் கரைக்கும். அதனால் கடலோரச் சுண்ணாம்பில் பொந்துகள் இந்தக் கலப்புப் பட்டையை ஒட்டி வரிசையாக அமையும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சுமார் 20,000 வருடங்களுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. கலப்புப் பட்டையும் கூடவே கீழே போயிருந்தது. ஆகவே பழைய கடலோரச் சுண்ணாம்பில், இன்றைய கடல் மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டோம், இனிப் பொந்து இருக்காது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கரைக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை மணிக்கு ஒரு தடவை நீர்மட்டத்தை டேப் விட்டு அளங்கள். கூடவே மின்கடத்துத்திறன் மீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு ஆழத்திலும் அளவை எழுதுங்கள். கடல் நீர் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும், குடிக்கிற தண்ணீரில் அது சில நூறுதான் இருக்கும். நம்ம பக்கம் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் கூட வராது. இருந்தாலும் கடல் ஏறும்போது கிணறும் ஏறுகிறதா, எத்தனை நிமிடம் பிந்தி ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று வரைந்து பாருங்கள். சீக்கிரமாகவும் நிறையவும் ஏறினால் கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே தண்ணீருக்குத் தாராளமான வழி இருக்கிறது. மலைச் சுரங்கத்தில் கடலுக்குப் பதில் மழையும் ஓடையும் இருக்கும். மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் சுரங்கத்துக்குள் கசிவு கூடுகிறது என்பது இதே கேள்விதான்.

வரைபடம், நடை, கருவி

சைட்டுக்குப் போனதும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாதையை ஒரு தடவை நடந்து முடியுங்கள். வட்டமான பள்ளம், திடீரென்று மண்ணுக்குள் மறைகிற ஓடை, காரணமில்லாமல் ஒரே இடத்தில் பீறிடுகிற ஊற்று, சாய்ந்த மரங்களின் வரிசை, எல்லாவற்றையும் குறியுங்கள். ஊர்க்காரர்களிடம் பேசாமல் திரும்பாதீர்கள். நம்ம கடலில் எந்த இடத்தில் 'பார்' (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறது, வலை எங்கே மாட்டும் என்று மீனவருக்கு மனப்பாடம். அது போல அங்கே ஆடு மேய்க்கிறவருக்கு எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்காமல் இறங்குகிறது என்று தெரியும்.

மின்தடை ஆய்வு, நில அதிர்வு ஆய்வு, நுண் ஈர்ப்பு ஆய்வு, தரை ரேடார் என்று மேலிருந்தே பார்க்கிற முறைகள் பல உண்டு. இவை எல்லாம் எங்கே துளை போடலாம் என்று வழிகாட்டத்தான். முடிவு சொல்ல இல்லை. காற்று நிறைந்த பொந்து மின்தடையை அதிகமாகக் காட்டும், களி நிறைந்த பொந்து குறைவாகக் காட்டும், உப்புத் தண்ணீர் ஊறிய நல்ல பாறையும் குறைவாகவே காட்டும். கடலோரத்தில் இந்தக் குழப்பம் அதிகம். தரை ரேடாரின் அலை உப்பிலும் களியிலும் சில அடியிலேயே அடங்கிவிடும்.

கோர் பெட்டியில் காலி இடம்

இனி வருவதுதான் உங்கள் தினசரி வேலை. துளையிட்டு எடுக்கிற உருளைப் பாறையைக் கோர் என்கிறோம். என்.எக்ஸ். அளவென்றால் துளை சுமார் 76 மில்லிமீட்டர், கோர் சுமார் 54. பலவீனமான சுண்ணாம்பில் ஒற்றைக் குழாய் பேரல் (துளைக்குள் கோர் வந்து தங்குகிற குழாய்) வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டே பாதி அரித்துப் போகும். மூன்று குழாய் பேரல் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 17.50-லிருந்து 19.00 மீட்டர் வரை ஒரு ரன், அதாவது ஒரே தடவையில் துளையிட்டு எடுத்த நீளம் 150 சென்டிமீட்டர். பெட்டியில் 22, 14, 8, 31, 6, 12 சென்டிமீட்டர் துண்டுகள், அப்புறம் சேர்த்து வைத்தால் 12 சென்டிமீட்டர் வருகிற சில்லுகள். மொத்தம் கிடைத்தது 105. மீட்பு 70 சதவீதம். பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளை மட்டும் கூட்டினால் 22, 14, 31, 12, ஆக 79. அதை 150-ஆல் வகுத்தால் ஆர்.க்யூ.டி., அதாவது பாறை எவ்வளவு உடையாமல் வந்தது என்று காட்டும் எண், சுமார் 53 சதவீதம். எடுக்கும்போது கையில் உடைந்த துண்டைச் சேர்த்து வைத்து ஒன்றாகவே அளக்க வேண்டும். புதுசாக உடைந்த முகம் பளிச்சென்று இருக்கும். பழைய விரிசலில் கறையோ களியோ இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் 53 என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். நில்லுங்கள். காணாமல் போன 45 சென்டிமீட்டர் எங்கே? அது அரைபட்டுப் போன மென்பாறையா, கழுவிப் போன களியா, ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லாத வெற்றிடமா? மூன்றுக்கும் சுரங்கத்தில் மூன்று வேறு வைத்தியம். பதில் பெட்டியில் இல்லை. அது டிரில்லருக்குத்தான் தெரியும். மெஷின் சத்தம் எப்போது மாறியது, ராடு தானாக எவ்வளவு இறங்கியது, திரும்பி வருகிற தண்ணீர் எந்த ஆழத்தில் நின்றது, என்ன நிறத்தில் வந்தது. "18.40-ல ராடு சட்டுன்னு முப்பது சென்டி இறங்குச்சு சார், அதோட தண்ணி வரல" என்று அவர் சொன்னால் அது வெற்றிடம். ராடு இறங்காமல் தண்ணீர் மட்டும் சிவப்பாகக் குழம்பி வந்திருந்தால் களி. அதனால் மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். மாலையில் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுகிற லாக் (துளைப் பதிவு) எனக்கு லாக் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு சைட்டில் பெட்டி அழகாக இருக்க வேண்டும் என்று கோர் துண்டுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கிவிட்டார்கள். நானும் அதைப் பார்த்தே எழுதினேன். பல மாதம் கழித்து அதே ஆழத்தில் சிமென்ட் கரைசல் அடித்தபோது, மூட்டை மூட்டையாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது, அழுத்தம் ஏறவே இல்லை. அன்றிலிருந்து, கோர் இல்லாத இடத்தில் அதே நீளத்துக்கு மரக்கட்டை வெட்டி வைத்து, ஆழமும் காரணமும் எழுதாமல் நான் பெட்டியைப் படம் எடுக்க விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பவளச் சுண்ணாம்பு மாதிரி ஓட்டை நிறைந்த பாறையில் கோர் நீளமான துண்டாகவே வரும், ஆர்.க்யூ.டி. 90 கூடக் காட்டும். ஆனால் தண்ணீர் சல்லடை வழியே போவது போலப் போகும்.

தண்ணீர் அழுத்தச் சோதனை

துளையின் ஒரு பகுதியைப் பேக்கர் வைத்து அடைத்து, அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாறைக்குள் போகிறது என்று அளப்பதுதான் லூஜான் சோதனை. பத்து பார் அழுத்தத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால் அது ஒரு லூஜான். மூன்று மீட்டர் பகுதியில், ஐந்து பார் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 45 லிட்டர் போகிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 15 லிட்டர். அழுத்தம் பாதிதான் என்பதால் இரண்டால் பெருக்கினால் 30 லூஜான். ஒன்று, இரண்டு என்றால் இறுக்கமான பாறை. முப்பது என்றால் கரைசல் அடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எண்ணை விடப் போக்கு முக்கியம். அழுத்தத்தை மூன்று படியாக ஏற்றி, அதே படிகளில் இறக்குங்கள். இறங்கும்போது, ஏறும்போது போனதை விட அதிகத் தண்ணீர் போனால் விரிசலில் இருந்த களி கழுவப்பட்டுப் போகிறது என்று பொருள். சுரங்கம் வெட்டிய பிறகு நிலத்தடி நீரும் அதையேதான் செய்யும். குறைந்துகொண்டே வந்தால், பக்கத்தில் ஒரு சின்ன வெற்றிடம் நிரம்பி முடிந்திருக்கலாம். மென்மையான பாறையில் பத்து பார் வரை ஏற்றப் போய்ப் பாறையையே கிழித்துவிடாதீர்கள். செய்முறைக்கு ஐ.எஸ். 5529 இரண்டாம் பாகத்தைப் பாருங்கள்.

வலிமைச் சோதனைக்குச் சுருக்கமாக ஒன்று மட்டும்: காய்ந்த மாதிரியையும் தண்ணீரில் ஊறிய மாதிரியையும் தனித்தனியே சோதியுங்கள், வடிவமைப்புக்கு ஊறியதன் எண்ணைக் கொடுங்கள். புள்ளிச் சுமைச் சோதனையில் (பாறைத் துண்டை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே அமுக்கி உடைப்பது) வருகிற எண்ணை 24-ஆல் பெருக்குகிற வழக்கம் கெட்டியான பாறையில் உருவானது. ஓட்டைச் சுண்ணாம்பில் அந்தப் பெருக்கம் வலிமையை மிகைப்படுத்தும். சில மாதிரிகளை நேரடியாக அமுக்கி உடைத்துப் பார்த்து, அந்தப் பாறைக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்.

மதிப்பெண் போடுவது

பாறையின் தரத்துக்கு மதிப்பெண் போட இரண்டு முறைகள் பரவலாக நடப்பில் உள்ளன. பீனியாவ்ஸ்கி 1973-ல் கொடுத்து 1989-ல் திருத்திய ஆர்.எம்.ஆர். முறையில் வலிமை, ஆர்.க்யூ.டி., விரிசல் இடைவெளி, விரிசலின் நிலை, தண்ணீர் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி, விரிசல் ஓடும் திசைக்கு ஏற்பக் கழிக்க வேண்டும். நூற்றுக்கு 60-க்கு மேல் நல்ல பாறை, 41 முதல் 60 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கவலை. பார்ட்டனும் கூட்டாளிகளும் 1974-ல் கொடுத்த க்யூ முறையில் பெருக்கலும் வகுத்தலும். இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 13365-ன் முதல் இரண்டு பாகங்களில் இவை இருக்கின்றன.

மேலே பார்த்த 53 ஆர்.க்யூ.டி. பாறைக்கே க்யூ போடுவோம். மூன்று விரிசல் தொகுதி என்றால் அதற்கு அட்டவணையில் உள்ள எண் 9, ஆர்.க்யூ.டி.யை அதால் வகுக்க 5.9. விரிசல் முகம் சொரசொரப்பு 1.5, களிப்பூச்சு 4, இரண்டையும் வகுத்தால் 0.375. பெருக்கினால் 2.2. அழுத்த எண் 1 என்று வையுங்கள். பாறை காய்ந்திருந்தால் க்யூ 2.2, மோசம். அதே பாறையில் விரிசலின் களியைக் கழுவிக்கொண்டு தண்ணீர் கொட்டினால் தண்ணீர் எண் 0.33, க்யூ 0.73 ஆகிவிடும், மிக மோசம். கல்லில் ஒரு மாற்றமும் இல்லை, தண்ணீர் மட்டும் வந்தது. கோடையில் வேலை பார்த்துவிட்டு மழைக்காலத்தைப் பற்றி எழுதாத அறிக்கை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு முறையிலும் குகைக்கென்று ஒரு கட்டம் கிடையாது. 70 மதிப்பெண் பாறைக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு லாரி நிற்கிற அளவுக்குப் பொந்து இருக்கலாம். ஆகவே மதிப்பெண்ணோடு, பொந்து பற்றி ஒரு தனிப் பக்கம் கட்டாயம் எழுதுங்கள்: எந்த ஆழத்தில் கண்டது, என்ன அளவு, உள்ளே காற்றா தண்ணீரா களியா.

வெட்ட ஆரம்பித்த பிறகு

மேலிருந்து எத்தனை துளை போட்டாலும் சுண்ணாம்பை முழுசாகப் பார்த்துவிட முடியாது. அதனால் முகப்பிலிருந்து, அதாவது வெட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து, முன்னோக்கித் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும். இருபது முப்பது மீட்டர் நீளத்துக்குப் போட்டு, அது தீர்வதற்கு ஐந்து பத்து மீட்டர் இருக்கும்போதே அடுத்ததைப் போடுங்கள். ஒரே துளையோடு நிறுத்தாமல் மேலே, இரண்டு பக்கம், தரைக்குக் கீழே என்று விரித்துப் போடுங்கள். தரைக்குக் கீழே உள்ள பொந்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நூற்றுக்கணக்கான டன் மெஷின் நிற்பது அதன் மேல்தான். கோலாலம்பூரில் 2007-ல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் இப்படிப்பட்ட கரைந்த சுண்ணாம்பு வழியாகத்தான் போகிறது. அந்த ஊர் மெட்ரோவுக்கு, அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் சேற்றுக் கலவையில் ஓடுகிற தனி மெஷினையே உருவாக்க வேண்டியிருந்தது.

முன்துளை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். பாதையின் குறுக்கே பியோரா என்ற இடத்தில் சர்க்கரை போல உதிரும் டோலமைட் இருக்கலாம் என்ற பயம் இருந்தது. அதற்காகவே தனியாக ஆய்வுச் சுரங்கம் போட்டார்கள். 1996-ல் அங்கே போட்ட துளை வழியாகத் தண்ணீரும் டோலமைட் மணலும் அழுத்தத்தோடு பீறிட்டன. பயந்து நின்றுவிடாமல் சாய்வாக இன்னும் ஆழத் துளையிட்டதில், சுரங்கம் போகிற ஆழத்தில் அதே டோலமைட் கெட்டியாக, தண்ணீர் ஓட்டம் இல்லாமல் இருப்பது தெரிந்தது. 57 கிலோமீட்டர் சுரங்கம் 2016-ல் திறந்தபோது பியோராவைச் சிக்கலில்லாமல் தாண்டியிருந்தார்கள்.

ஷிப்ட் முடியும்போது அடுத்த ஆளுக்கு நீங்கள் எழுதி வைக்கிற குறிப்பு அரைப் பக்கம் போதும். முன்துளை எந்த மீட்டர் வரை போயிருக்கிறது, ராடு எங்கே வேகமாக இறங்கியது, தண்ணீர் எவ்வளவு, தெளிவா கலங்கலா, நேற்றை விடக் கூடவா குறைவா. கலங்கல் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி மேஜை மேல் வையுங்கள். மறுநாள் காலையில் அடியில் எவ்வளவு வண்டல் தங்கியிருக்கிறது என்று அளங்கள். நாளுக்கு நாள் அது ஏறினால் முகப்புக்குப் பின்னால் எங்கோ ஒரு பொந்தின் களி காலியாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டில்களை வரிசையாக எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் நேராகப் போங்கள், வெட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.